ஏடனில் கழற்றிப் பூட்டிய கார்

1965ஆம் ஆண்டு. ஏடன் அப்போதும் பிரித்தானியரின் கையில்தான் இருந்தது. ஆனால் இன்னும் இரண்டே ஆண்டுகளில் அவர்கள் அங்கிருந்து மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கொழும்பில் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்ற பழைய தலைமுறையினருக்கு ஏடன் என்றால் கப்பல்கள் எரிபொருள் நிரப்பத் தரித்து நிற்கும் வெயில் துறைமுகம். அங்கு பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய இருபத்தேழு வயது அதிகாரி ஒருவர், தம் சக அதிகாரி வாங்கியிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருத்துவதற்குக் கைகொடுத்தார். கார், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட். தயாரிப்பாளர் வெளியிட்ட பழுதுபார்க்கும் நூலைப் புரட்டிப் பார்த்தபோது, அது சாதாரண கார்ச் சொந்தக்காரருக்காக எழுதப்பட்டதல்ல என்பது அவருக்குப் புரிந்தது. ஆகவே காரைத் தாமே கழற்றினார். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார். மீண்டும் பூட்டும்போதும் அவ்வாறே செய்தார்.

அந்தப் படங்களும் குறிப்புகளும் 1966இல் நூலாயின. முதற் பதிப்பின் 3,000 பிரதிகளும் மூன்று மாதங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. வீட்டில் கார் திருத்தும் உலகத்தின் வேத நூல் என்று பின்னாளில் சொல்லப்பட்ட ஹெய்ன்ஸ் கைந்நூல் வரிசை தொடங்கியது இப்படித்தான். அந்த இளைஞரின் பெயர் ஜோன் ஹெய்ன்ஸ். அவர் பிறந்த இடம் இலங்கை என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி.

1938 மார்ச் 25ஆம் திகதி அவர் இங்கு பிறந்தார். தந்தையார் தேயிலைத் தோட்ட முகாமையாளர். பன்னிரண்டாவது வயதில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள சட்டன் வலன்ஸ் என்ற விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். வெள்ளைத் துரைமாரின் பிள்ளைகளுக்கு அது வழமையான பாதை. அதே தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அப்போது வேறொரு பாதை வகுக்கப்பட்டிருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியிருந்தது. ஹெய்ன்ஸின் கதையில் இது ஒரு பக்கக் குறிப்பு மட்டுமே. ஆனால் இலங்கையில் இருந்து எழுதுபவன் அதைத் தாண்டிச் செல்ல முடியாது.

பாடசாலையில் அவருக்கு விளையாட்டில் நாட்டமில்லை. ரக்பி விளையாடுவதற்குப் பதிலாகத் தம்முடைய பழைய ஒஸ்ரின் செவன் காரைத் திருத்த அனுமதிக்குமாறு தலைமை ஆசிரியரைக் கேட்டார், அவரும் அனுமதித்தார். ஒஸ்ரின் செவன் 1922இல் வெளிவந்த சின்னஞ்சிறு கார். எஞ்சின் 747 கன சென்ரிமீற்றர். போருக்குப் பின்னர் இக்கார்கள் மலிந்து கிடந்தன. இளைஞர்கள் அவற்றின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் தகரத்தால் இலேசான ஓட்டப்பந்தய உடலொன்றைக் கட்டிக்கொள்வது ஒரு மோகமாகவே பரவியிருந்தது. ஹெய்ன்ஸும் கட்டினார். கட்டிய விதத்தை 1956இல் ஒரு சிறு நூலாக எழுதினார். 250 பிரதிகள் சில நாட்களில் முடிந்துவிட்டன. பின்னாளைய பெருவணிகத்தின் விதை அந்தப் பாடசாலைப் பையனின் சிறு நூல்தான்.

ஏடனில் அவர் கழற்றிய ஸ்பிரைட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கழற்றிப் பூட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான கார் வாய்த்திருக்க முடியாது. டொனல்ட் ஹீலி வடிவமைத்து, பி.எம்.சி. நிறுவனம் 1958 மே மாதத்தில் அறிமுகப்படுத்திய இக்கார், வரி உட்பட 670 பவுணுக்கும் சற்றுக் குறைவான விலைக்கு விற்கப்பட்டது. மலிவாக்குவதற்காக எதையெல்லாம் விட முடியுமோ அதையெல்லாம் விட்டார்கள். கதவுகளுக்கு வெளிக் கைப்பிடி இல்லை. பின்புறப் பெட்டிக்கு மூடியும் இல்லை. சாமான்களை ஆசனத்தின் பின்னால் கையை நுழைத்துத்தான் வைக்க வேண்டும். முன்விளக்குகளை மடித்து மறைக்கும் பொறி ஒன்றை முதலில் திட்டமிட்டுப் பின்னர் செலவு கருதிக் கைவிட்டனர். அதனால் விளக்குகள் பொனட்டின் மேல் இரண்டு கண்களாகத் துருத்தி நின்றன. இங்கிலாந்தில் அதைத் தவளைக்கண்ணன் என்று செல்லமாக அழைத்தார்கள். முதல் வடிவத்தில் ஏறத்தாழ 49,000 கார்கள் எம்.ஜி. கார்களைச் செய்த அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டன.

திருத்துபவனுக்கு இக்கார் ஒரு வரப்பிரசாதம். பொனட்டும் முன்பக்கச் சிறகுகளும் ஒரே துண்டாகச் செய்யப்பட்டவை. அதைத் தூக்கிவிட்டால் எஞ்சின், முன்சில்லுகள், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். உள்ளே இருந்தவை எவையும் புதியவையல்ல. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் முன்சில்லுத் தாங்கிகளும் ஒஸ்ரின் ஏ35 குடும்பக் காரினுடையவை. ஸ்டியரிங் மொறிஸ் மைனரினுடையது. சமையலறையில் இருந்ததை வைத்து ஆக்கிய விருந்து என்று சொல்லலாம். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் கார் விற்பவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கிராமத்துப் போதகரின் மொறிஸ் மைனருக்குப் பாகம் விற்கும் கடையே போதும்.

அன்றைய பிரித்தானியாவில் வீட்டிலேயே கார் திருத்துவது பொழுதுபோக்கு மட்டுமல்ல, தேவையுமாகும். கைமாறிக் கைமாறி வந்த பழைய கார்களே இளைஞர்களின் கைக்கு எட்டியவை. கராஜில் கூலி கொடுக்க அவர்களிடம் பணமில்லை. போதாததற்கு 1960இல் பழைய வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. முதலில் பத்து ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு மட்டும் என்றிருந்த விதி, 1967க்குள் மூன்று ஆண்டுகளைத் தாண்டிய கார்கள் அனைத்துக்கும் விரிந்தது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியில்லாத கார் தெருவுக்கு வர முடியாது. கம்பனிகளின் பழுதுபார்க்கும் நூல்களோ விற்பனை முகவரின் பட்டறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்ன இலக்கமுள்ள விசேட கருவியால் இதை இழுத்தெடுக்கவும் என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்தக் கருவி வீட்டில் இருப்பவனிடம் ஏது? ஹெய்ன்ஸ் தம்மிடமிருந்த சாதாரண ஸ்பனர்களாலும் சுத்தியலாலும் அதே வேலை எப்படி முடிந்தது என்பதைக் காட்டினார். படங்களில் தெரிந்தவை எண்ணெய் படிந்த கைகள். காரை முழுமையாகக் கழற்றிப் பூட்டி, அதன் பின்னரே எழுதுவது என்பது அவருடைய நூல் வரிசையின் விதியாயிற்று. சம்பவ இடத்துக்குப் போகாமல் மேசையில் இருந்தபடி செய்தி எழுதும் பழக்கம் எங்கள் தொழிலில் எவ்வளவு தீங்கு செய்தது என்பதை அறிந்தவன் என்ற வகையில், இந்த விதியின் பெறுமதி எனக்கு நன்கு விளங்குகிறது.

வீட்டு வேலை என்பது என்ன? சில உதாரணங்கள் தருகிறேன்.

எஞ்சினின் தலைப்பகுதியில் எட்டு வால்வுகள் உள்ளன. எஞ்சின் சூடேறும்போது உலோகம் விரியும். ஆகவே வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையில் ஒரு சிறு வெளி இருக்க வேண்டும். ஸ்பிரைட்டின் எஞ்சினில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது 0.3 மில்லிமீற்றர். வெளி கூடினால் கடகடவென்று சத்தம். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு கருகும். சத்தமில்லாத பிழைதான் ஆபத்தானது. ஒரு வால்வை அளக்கும்போது அது முழுமையாக மூடியிருக்க வேண்டுமே, அதை எப்படி அறிவது? இதற்கு ‘ஒன்பது விதி’ என்ற எளிய கணக்கு இருக்கிறது. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வரும். மெல்லிய தகட்டை நுழைத்து, அது இலேசாக உரசிக்கொண்டு வெளிவந்தால் சரி. அந்த உரசல் எவ்வளவு என்பதை எந்த நூலாலும் சொல்லித்தர முடியாது. விரல்தான் கற்க வேண்டும்.

அடுத்தது காபரேற்றர். ஸ்பிரைட்டில் எஸ்.யு. வகைக் காபரேற்றர்கள் இரண்டு. இதன் மூலவர் ஜோர்ஜ் ஹேர்பேர்ட் ஸ்கின்னர், சப்பாத்து வணிகக் குடும்பத்தில் வந்தவர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யு. ஆரம்ப காலக் காபரேற்றரில் துருத்தி தோலால் செய்யப்பட்டிருந்தது என்பது வேடிக்கையான பொருத்தம். பின்னர் தோலுக்குப் பதில் உலோகக் கிண்ணமும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனும் வந்தன. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் உயரும். அதன் அடியில் தொங்கும் கூம்பிய ஊசியும் உயர்ந்து, காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோலுக்கு வழிவிடும். இவ்வளவுதான். இரண்டு காபரேற்றர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துண்டு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றரின் வாயிலும் வைத்தால், இரண்டும் எழுப்பும் ‘உஸ்’ என்ற ஓசையை ஒப்பிடலாம். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான். பலருக்கு ஞாபகம் வராத ஒன்று, கிண்ணத்தின் உச்சியிலுள்ள சிறு தண்டைச் சுற்றிச் சில துளி எண்ணெய் இருக்க வேண்டும் என்பது. அது வற்றினால் வேகமெடுக்கும்போது எஞ்சின் தடுமாறும். சொந்தக்காரர் பிளக், வயர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பணத்தைக் கொட்டுவார்.

மின் பகுதியைப் பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் முதலில் வரும். பர்மிங்ஹாம் நகரில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழில் தொடங்கிய ஜோசப் லூக்காஸின் பெயர் தாங்கிய நிறுவனம், பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கும் வயரும் டைனமோவும் வழங்கியது. இருட்டின் இளவரசர் என்று அமெரிக்கர்கள் லூக்காஸுக்குப் பட்டம் சூட்டினார்கள். இந்தப் பழி முழுவதும் நியாயமானதல்ல என்பது என் எண்ணம். வயர்கள் நிறங்களால் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. பற்றரியிலிருந்து வருவது மண்ணிறம், முன்விளக்குக்கு நீலம், உடலோடு இணைவது கறுப்பு. கோளாறு பெரும்பாலும் வயர்கள் சந்திக்கும் இடத்தில்தான். ஈரம் புகுந்து பச்சை படிந்த ஓர் இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கினால் ‘செத்துப்போன’ விளக்கு உயிர்பெறும். ஒரே ஒரு எச்சரிக்கை. அக்காலக் கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்துக்கு அது நேர்மாறு. இதை அறியாமல் புதிய வானொலியைப் பூட்டியவர்கள் புகையைத்தான் கண்டார்கள்.

ஸ்பனர் விடயமும் ஒரு சரித்திரமே. ஹெய்ன்ஸ் பாடசாலையில் கழற்றிய ஒஸ்ரின் செவனின் நட்டுகள், ஜோசப் விற்வேர்த் 1841இல் முன்வைத்த பழைய பிரித்தானிய முறையின் வழிவந்தவை. அம்முறையில் ஸ்பனரில் பொறிக்கப்படும் அளவு நட்டுத் தலையின் அகலமல்ல, உள்ளே செல்லும் போல்ட்டின் பருமன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நட்டு பிரித்தானிய போல்ட்டில் ஏறாமல் பட்ட அவதிக்குப் பின்னர், 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் பொதுமுறை ஒன்றுக்கு உடன்பட்டன. ஸ்பிரைட் அந்தப் புதிய முறையில் செய்யப்பட்டது. எனினும் மின்கருவிகளின் சிறு திருகுகள் பழைய முறையிலேயே தொடர்ந்தன. பொருந்தாத ஸ்பனரைப் போட்டு முறுக்கி நட்டுத் தலையை உருட்டிவிட்டவர்களுக்கு இந்தச் சரித்திரம் கையில் பட்ட காயமாகவே தெரியும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி கறள். தனியான அடிச்சட்டம் இல்லாமல், தகட்டு உடலே பாரத்தைச் சுமக்கும் வண்ணம் ஸ்பிரைட் கட்டப்பட்டது. பின்வில்லுகள் ஆசனங்களுக்குப் பின்னால் உடலிலுள்ள பெட்டி போன்ற பகுதிகளில் முளையடித்ததுபோல் பூட்டப்பட்டிருக்கும். அவற்றிலும் கதவின் கீழுள்ள விளிம்புகளிலும் மழைநீரும், பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் தங்கின. மேலே பளபளப்பான வர்ணம். உள்ளே பிஸ்கட் போல் நொறுங்கும் இரும்பு. இந்த இடத்தில்தான் வீட்டுத் திருத்தம் விளையாட்டல்ல என்றாகிறது. ஒட்டுவேலை தெரியாதவர் கைவைத்தால் கார் நடுவில் வளைந்து கதவு மூடாமல் போகும். அதைவிட மோசமானவையும் உண்டு. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுத்து நசுங்கியவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பட்டைகளில் அன்று அஸ்பெஸ்டஸ் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதித் துப்புரவாக்குவது எல்லோரும் செய்த காரியம். அஸ்பெஸ்டஸ் பிரித்தானியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்.

கார்கள் நிலைத்தன, அவற்றைச் செய்தவர்கள் நிலைக்கவில்லை. 1968இல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் ஹீலி குடும்பத்துடனான உடன்பாட்டை முடித்துக்கொண்டது. ஸ்பிரைட் 1971இல் நின்றது. அதன் இரட்டைப் பிறவியான எம்.ஜி. மிட்ஜெட் 1979 வரை தாக்குப்பிடித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், அபிங்டனில் எம்.ஜி.யின் ஐம்பது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட கையோடு, தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பவுணின் மதிப்பு உயர்ந்து அமெரிக்க விற்பனையில் நட்டம் ஏற்பட்டதே காரணம் என்றார்கள். 1980 ஒக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியேறியதுடன் அபிங்டன் மௌனமாயிற்று. அதன்பின் இக்கார்களுக்கு ஆதரவாக நின்றவர்கள் சொந்தக்காரர்களும், அவர்களின் கழகங்களும், உதிரிப்பாக வணிகர்களுமே. 1988இல் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாக அடித்து விற்கத் தொடங்கியபோது, செத்த காருக்கு மறுபிறவி கிடைத்தது.

புதிய சோதனைகளும் வந்தன. 1999இன் முடிவுடன் ஈயம் கலந்த பெற்றோல் பிரித்தானியாவில் பொது விற்பனையிலிருந்து நீங்கியது. அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களின் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஆகவே தலைப்பகுதியைக் கழற்றிக் கடினமான வளையங்கள் பதிக்க வேண்டியதாயிற்று. 2021 செப்டெம்பரில் பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் வந்தபோது, பழைய ரப்பர்க் குழாய்கள் கரைந்து கசியும் என்ற அச்சத்தில் அவற்றையும் மாற்றினார்கள். 1966இன் நூலில் இவை எவையும் இல்லை.

ஜோன் ஹெய்ன்ஸ் 2019 பெப்ரவரி 8ஆம் திகதி காலமானார். அவருடைய நிறுவனம் அதற்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட கைந்நூல்களை விற்றிருந்தது. 2020இன் இறுதியில், புதிய கார்களுக்கான கைந்நூல்களை இனிக் காகிதத்தில் அச்சிடுவதில்லை என்ற முடிவு வெளியானது. பொனட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்ரிக் மூடி மட்டும் தெரியும் கார்களுக்கு, கழற்றும் படம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏடனில் கழற்றப்பட்ட அந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் உடன்பிறப்புத்தான் 1956 முதல் 1962 வரையான மொறிஸ் மைனர்களில் இருந்தது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் நின்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் எஞ்சின், எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினோடு ஒரே குடும்பம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, இந்தக் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அவை இதைச் சகித்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதை அடிக்கடி மாற்ற எண்ணெய் ஏது? வெண்புகையைக் கக்கிக்கொண்டு அவை நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன.

அந்த எஞ்சின்களை வடிவமைத்தவர்கள் எண்ணியும் பாராத வேலை இது. ஹெய்ன்ஸின் கைந்நூல் எதிலும் இதற்கான அத்தியாயம் கிடையாது. ஊசியை எவ்வளவு உயர்த்தினார்கள், தீப்பொறி பாயும் நேரத்தை எவ்வளவு பின்தள்ளினார்கள், ஒரு போத்தல் பெற்றோல் எத்தனை நாட்களுக்கு வந்தது, எண்ணெயை எதைக் கொண்டு வடித்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கராஜ்களில் வேலை செய்தவர்களின் கைகளில் இருந்தன. தடையைப் பற்றியும் விலையைப் பற்றியும் நாங்கள் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினோம். ஒரு மெக்கானிக்கின் அருகில் குந்தியிருந்து, இந்தத் திருகை ஏன் அரைச் சுற்று மட்டும் திருப்புகிறீர்கள் ஐயா என்று கேட்டு எழுதியவர்கள் எங்களில் எத்தனை பேர்? அன்று நாற்பது வயதில் இருந்த திருத்துநருக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும்.